மினோருவின் பாவாடை

சிங்கப்பூர்
6 நவம்பர் 2005

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை நூருன்னிசா எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் சுகம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை எப்படி இருக்கிறது? முழங்கால் வலிக்குத் தைலமும் மாத்திரையும் முஜிபுர் ரஹ்மானிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ரங்கூனில் இறங்கியதும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவான்.

பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது.

மருந்தோடு ஒரு பெட்டி நிறைய ஜப்பான் படக்கதைப் புத்தகங்களும் இருக்கின்றன. நம் பிள்ளை கமாலுடையவை. இங்கே வைக்க இடமில்லை. யாருக்காவது கொடுங்கள், அல்லது எடைக்குப் போடுங்கள்.

இன்னொரு காரியம். கமால் ராணுவச் சேவை முடித்துவிட்டான். இருபத்தொரு வயதாகிறது. அவனுக்கு ரங்கூனில் நம் ஆட்களில் ஒரு பெண் பாருங்கள். நீங்கள் சரி என்றால் அந்தப் பெண் சரி, உங்கள் வாக்குக்கு அப்படி ஒரு மரியாதை இருக்கிறது. சீக்கிரம் முடிந்தால் நல்லது. கடிதத்தோடு அவன் படம் வைத்திருக்கிறேன்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்
நூரு


லான்மடாவ், ரங்கூன்
18 டிசம்பர் 2005

அன்புத் தங்கை நூருவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். மருந்து வந்தது. தைலம் கற்பூர நாற்றம் அடிக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. கண் நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் உன் கடிதத்தில் நான்கு இடங்களில் ஒற்றெழுத்து விட்டுப்போனதையும் பார்க்க முடிந்தது.

பெண் விஷயம். கியாக்டடாவில் அஸ்மாவின் மூத்த மகள் ருக்சானாவை உனக்கு நினைவிருக்காது. நீ ரங்கூனை விட்டுப் போனபோது அவள் பிறக்கவே இல்லை. ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். நிமிர்ந்து பேசுகிறாள், பிறர் பேசும்போது குறுக்கிடுவதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. அஸ்மாவிடம் பேச்செடுக்கட்டுமா?

கமாலின் படத்தைப் பார்த்தேன். சட்டை நன்றாக இஸ்திரி போட்டிருக்கிறது. பையன் ஏன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்?

புத்தகங்களை எடைக்குப் போடவில்லை. படிக்காமல் எதையும் எறியும் பழக்கம் எனக்கில்லை, அதைக் கன்னியாஸ்திரீகள் பிரம்பால் கற்றுக்கொடுத்தார்கள். அட்டை தவறான பக்கத்தில் இருப்பதைப் பார்த்து முதலில் அச்சுக்காரனைத் திட்டினேன். பிறகு விளங்கியது. உம்மாவின் அரபுத்தமிழ்ப் புத்தகம் போல இதையும் வலப்பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். எல்லாருக்கும் கண் முட்டை அளவுக்கு இருக்கிறது. கழுத்து கொக்குக் கழுத்து. இருந்தாலும் முதல் பாகத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்.

ஒவ்வொரு புத்தகத்திலும் கமால் தன் பெயரை அழகாக எழுதி, மேலுறை போட்டு வைத்திருக்கிறான். இப்படிப் பாதுகாத்ததை ஏன் கொடுத்தான் என்று கேட்டு எழுது.

உன் வீட்டுக்காரர் முகைதீனுக்கு என் ஸலாம்.

சுல்தான் பீவி


சிங்கப்பூர்
22 ஜனவரி 2006

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி அனைவரும் சுகம். அங்கே இன்னும் குளிர் இருக்கும், கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

ருக்சானாவைப் பற்றிப் படித்து மனம் நிறைந்துவிட்டது. பேசி முடித்துவிடுங்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் ரங்கூனுக்கே வந்து நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்று இவரும் சொல்கிறார். பெண்ணுக்குப் பட்டுச் சேலை பார்த்து வைத்திருக்கிறேன், மரூன் நிறம்.

புத்தகங்களைப் பற்றி இனி எழுத வேண்டாம். இவர் கடிதங்களைப் படிப்பார்.

நூரு


லான்மடாவ், ரங்கூன்
5 மார்ச் 2006

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நான் சுகம். கரண்ட் இல்லை, அதனால் பகல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். முகைதீன் இந்தக் கடிதத்தைப் படிப்பதானால் படிக்கட்டும். சர்க்கரைக்காரர் மாம்பழத்தைத் தொடக்கூடாது என்று அவருக்கும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன்.

அஸ்மா சம்மதித்துவிட்டாள். “நீங்க சொன்னா போதும், நாங்க மாப்பிள்ளையப் பாக்கணும்னுகூட இல்ல” என்றாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னாள்.

நீ வேண்டாம் என்றாலும் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன். என்ன எழுதுவது என்று நான் யாரையும் கேட்டதில்லை. கீழ் வீட்டில் பர்கத்துல்லா படக்கதைகளை வாடகைக்கு விடுகிறான். என்னிடம் இருப்பதைப் பார்த்து, வசனங்களைப் பர்மியில் எழுதித் தரச் சொன்னான். துண்டுத் தாளில் எழுதி, இங்கிலீஷ் வசனத்தின் மேல் ஒட்டுகிறோம். எழுபத்து மூன்று வயதில் எனக்குக் கிடைத்த நல்ல வேலை இது.

கதை இதுதான். ஒரு துறைமுக ஊர். படகோட்டியின் மகன் மினோரு. ஜப்பானில் கோடை பிறந்ததும் ஒரே நாளில் பள்ளி முழுவதும் குளிர்காலச் சீருடையைக் கழற்றிவிட்டுக் கோடைச் சீருடைக்கு மாறுமாம். அந்த நாளில் மினோரு காற்சட்டையை விட்டுவிட்டு, பெண்பிள்ளைகள் போடும் மடிப்புப் பாவாடையோடு தகப்பனின் படகிலிருந்து இறங்குகிறான். வேடிக்கைக்காக இல்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. அதுதான் தன் உடுப்பு என்று சொல்கிறான். அதன் பிறகு ஊர் அவனை என்ன செய்கிறது என்பதுதான் மிச்சப் பாகங்கள்.

பர்கத்துல்லா தலையைச் சொறிந்தான். “சுல்தானம்மா, கதை நல்லாத்தான் இருக்கு. அந்தப் பாவாடையில மட்டும் கொஞ்சம் மை தடவிக் காற்சட்டையா ஆக்கிரலாமா? நாலு பேரு பேசுவாங்க.”

“உன் கடையில மாட்டியிருக்கியே ஒரு மீசைக்காரர் படம், அதுக்கு நான் மை தடவி மூக்குத்தி போடட்டுமா?”

“அது எங்க வாப்பாங்க!”

“இது மினோரு.”

பாவாடை பாவாடையாகவே இருக்கிறது.

கமால் என்ன சொல்கிறான்? உன் கடிதத்தில் சேலையின் நிறம்கூட இருக்கிறது, அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. பெண் பார்ப்பது அவனுக்குத் தெரியுமா?

சுல்தான் பீவி


சிங்கப்பூர்
19 ஏப்ரல் 2006

ராத்தா,

ஸலாம். உடம்பு சுகம், மனம் சுகமில்லை. இவர் நாகூருக்குப் போயிருக்கிறார். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

போன நோன்புப் பெருநாள் அன்று தொழுகை முடிந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். நான் சேலை மாற்ற அறைக்குப் போனேன். கமால் என் பச்சை மலாய்ப் பாஜு உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தான். முக்காட்டுத் துணியைத் தலையில் போட்டு, ஊசி குத்தி, எல்லாம் சரியாக. என்னைப் பார்த்துப் பயப்படவும் இல்லை. “உம்மா, நான் இப்படித்தான். சின்ன வயசிலேர்ந்தே. உங்ககிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தேன்” என்றான். வெளியே ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவன் வாயைப் பொத்தினேன்.

அன்றைக்கே அந்தப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டேன். அவன் தானாகக் கொடுக்கவில்லை ராத்தா.

அனுப்புவதற்கு முன்னால் நானும் முதல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். உங்களைப் போல் நான் கான்வென்டில் படித்தவள் இல்லை, இங்கிலீஷ் எனக்கு ஓடாது. படம் மட்டும் பார்த்தேன். முதலில் அந்தப் பையன் பாவாடையோடு நிற்கிறான். போகப்போக எல்லாரும் அவனைத் திட்டுகிறார்கள். கடைசியில் காற்சட்டையும் தொப்பியும் போட்டுத் தகப்பனோடு படகில் நிற்கிறான். திருந்திவிட்டான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இது ஒரு வயதுக் கோளாறு, கல்யாணம் ஆனால் போய்விடும் என்று தெம்பு வந்து உங்களுக்கு எழுதினேன்.

நீங்களே இதற்குச் சாட்சி இல்லையா? ஜப்பான்காரன் காலத்தில் வாப்பா உங்களுக்கு முடிவெட்டி, ஜாபிர் என்று பெயர் வைத்து மூன்று வருஷம் ஆம்பிளைப் பிள்ளையாக வளர்த்தார். எத்தனை கல்யாண வீட்டில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். உங்களுக்கு என்ன ஆகிவிட்டது?

அஸ்மாவிடம் எதுவும் சொல்லாதீர்கள். உங்கள் காலைப் பிடிக்கிறேன்.

நூரு


லான்மடாவ், ரங்கூன்
14 மே 2006

நூருவுக்கு,

ஸலாம். நான் சுகம். நீ உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

நீ புத்தகத்தைப் பின்னாலிருந்து படித்திருக்கிறாய். அது வலப்பக்கத்தில் தொடங்குகிற புத்தகம். காற்சட்டையும் தொப்பியும் போட்டுப் படகில் நிற்பது தொடக்கம். பாவாடைதான் முடிவு. அந்தப் பாகத்தின் கடைசிப் படத்தில் மினோரு பாவாடையோடு துறையில் நிற்க, தகப்பன் மற்றப் பிரயாணிகளுக்குப் பிடிப்பது போலவே படகில் ஏறும் பலகையைப் பிடித்துக்கொண்டு, ஏறு என்கிறான். நீ தலைகீழான ஒரு கதையை நம்பி என்னைப் பெண் பார்க்க வைத்துவிட்டாய்.

ஜாபிர் கதைக்கு வருகிறேன். நீ போர் முடிந்த பிறகு பிறந்தவள். நீ கேட்டதெல்லாம் சிரிப்புத்தான்.

எனக்குப் பத்து வயது. சிப்பாய்கள் வீடு வீடாக வந்தார்கள், வாப்பா செய்தது சரி. லுங்கியை முன்னால் முடிச்சுப் போட்டு, பையன்களோடு போய்த் தண்ணீர் வரிசையில் நிற்பேன். தெருவில் யாராவது ஜாபிர் என்று கூப்பிட்டால் உடனே திரும்ப வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் வாப்பா வீட்டுக்கு வந்து அறைவார். பயத்தில் அடித்தார், கோபத்தில் இல்லை. ஒதுங்க மறைவிடம் கிடைக்காமல் பொழுதெல்லாம் அடக்கிக்கொண்டு இருப்பேன். பதின்மூன்று வயதில் உம்மா என் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். மூச்சு மேலே நின்றுவிடும். யாரைப் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவானோ என்ற நினைப்பு. வலியைவிட அதுதான் பெரிது. அந்த மூன்று வருஷத்தில் நான் ஒரு நாள்கூட ஜாபிராக இருக்கவில்லை. முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், உடுப்பை மாற்றினார்கள். உள்ளே நான் சுல்தான் பீவிதான்.

கல்யாண வீடுகளில் நீங்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

நீ என்னைச் சாட்சிக்கு அழைத்தாய், சொல்லிவிட்டேன். உடுப்பை மாற்றினால் ஆள் மாறுவதில்லை. என் சிறை மூன்று வருஷம். ஜப்பான்காரன் போனான், நான் பாவாடை கட்டினேன். உன் பிள்ளை இருபத்தொரு வருஷமாகக் காற்சட்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு விடிய ஜப்பான்காரன் போனது போல யார் போக வேண்டும் என்று நீ நினைக்கிறாய்?

நேற்று அஸ்மா வீட்டுக்குப் போய்ச் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

“மாப்பிள்ளைக்கு என்னங்க கொறை?” என்றாள்.

“மாப்பிள்ளைக்கு ஒரு கொறையுமில்ல. எனக்கு மனசில்ல.”

“உங்க மனசா? கட்டிக்கப் போறது நீங்களா? ஒங்க ஒரு வார்த்தைக்காக வேற ரெண்டு எடத்தத் தட்டிவிட்டோமே!”

“தட்டிவிட்ட எடங்களுக்கு நானே போய்ப் பேசறேன்.”

“ஒண்ணும் வேணாம். இனிமே எந்த வீட்டுக்கும் பொண்ணு பாக்கப் போயிராதீங்க, அது போதும்.”

கமாலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. திமிர் பிடித்த கிழவி என்று ஊர் பேசும். பேசட்டும், எனக்குப் பழகிய பெயர்தான். ருக்சானா நல்ல பெண். அவளையும் ஒரு பொய்க்குள் கட்டிப்போட என் வாக்கைத் தரமாட்டேன்.

சுல்தான் பீவி


சிங்கப்பூர்
30 ஜூன் 2006

ராத்தாவுக்கு,

ஸலாம். சுகம்.

யாரைக் கேட்டு முறித்தீர்கள்? என் பிள்ளையின் வாழ்க்கை உங்களுக்குப் பள்ளிக்கூடப் பாடமா, சிவப்பு மை போட? இவர் ஊரிலிருந்து வந்து கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இப்போது கமாலோடு அவர் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தனியாக வைக்கச் சொல்கிறார். இதுதானே நீங்கள் விரும்பியது?

பெற்றவளுக்குத்தான் தெரியும். உங்களுக்குச் சொன்னால் விளங்காது.

அந்தப் புத்தகங்களை எரித்துவிடுங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

நூருன்னிசா


லான்மடாவ், ரங்கூன்
23 ஜூலை 2006

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். மழை விடவில்லை. எனக்குச் சளி, மற்றபடி சுகம். உன் வீட்டுத் தட்டுகள் மூன்றும் ஒரே இடத்தில் வைக்கப்பட வேண்டும் என்று துஆ கேட்கிறேன்.

நான் பெறவில்லை. உண்மை. நீ எழுதியதால் அது எனக்குப் புதிய செய்தி ஆகிவிடவில்லை.

புத்தகங்களை எரிக்கமாட்டேன். இந்த ஊரில் வந்தவன் போனவன் எல்லாரும் எதையாவது எரித்துவிட்டுத்தான் போனான். என் அடுப்பில் சோறு மட்டும்தான் வேகும். அவை பர்கத்துல்லாவின் கடையில் முதல் தட்டில் இருக்கின்றன. ஷ்வேப்யிதாவில் தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஒருத்தி, ஓய்வு நாள்தோறும் இரண்டு பஸ் மாறி வந்து, கடை வாசலில் நின்றபடியே படித்துவிட்டுப் போகிறாள். ஆண்பிள்ளைச் சட்டை, லுங்கியில் முன்முடிச்சு. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முக்காலி போடச் சொன்னேன்.

பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் மாடியேறி வந்தார். “இந்த வயசுல உங்களுக்கு இதெல்லாம் தேவையாம்மா?” என்றார்.

“இந்த வயசுலதான் நேரம் கெடைச்சிருக்கு” என்றேன். தேநீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

நீ எழுத வேண்டாம் என்றாய். நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

உன் ராத்தா


சிங்கப்பூர்
10 செப்டம்பர் 2006

மதிப்பிற்குரிய பெரியம்மா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கமால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், பிழை இருந்தால் மன்னிக்கவும். தங்கள் உடல்நலம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. வாப்பா சுகம்.

உங்கள் கடிதங்களை உம்மா அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். போன வாரம் அவர்களே எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் எல்லாவற்றையும் படித்தேன். ஜாபிரைப் பற்றிய கடிதத்தைப் பல தடவை படித்தேன். என் உடம்புக்குள் நடப்பதை இவ்வளவு சரியாக வேறு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

மினோரு கதையின் புதிய பாகம் ஒன்று வாங்கினேன். மறைக்கவில்லை, சோபாவில் வைத்தேன். உம்மா அதைக் கையில் எடுத்து, “இது எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். காட்டினேன். அன்று அவ்வளவுதான் பேசினோம்.

வாப்பா வரும் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நான் வீட்டில் இப்படியே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். காற்சட்டைக்குள் இருந்தால் வீடு, இல்லையென்றால் வெளியே. நான் இனிப் பொய்யாக இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. கொஞ்ச நாள் உங்களிடம் வரலாமா?

கமால்


லான்மடாவ், ரங்கூன்
8 அக்டோபர் 2006

அன்புப் பிள்ளைக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தில் பிழைகள் மூன்று. உன் உம்மாவைவிட நன்றாக எழுதுகிறாய். அவளுக்கு உப்பைக் குறைத்துப் போடச் சொல்.

வா. கேட்க வேண்டியதே இல்லை. மேல் அறையைக் கழுவி, கொசுவலை மாற்றியாகிவிட்டது.

என் வீட்டில் சட்டங்கள் உண்டு. இரவு விளக்கை வீணாக எரிக்கக்கூடாது. கசங்கிய துணியோடு படியிறங்கக்கூடாது. எந்தத் துணி என்பது உன் விருப்பம், இஸ்திரி என் சட்டம். இந்த ஊரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் லுங்கிதான். அவர்கள் முன்னால் முடிச்சுப் போடுகிறார்கள், நாங்கள் பக்கத்தில் மடித்துச் செருகுகிறோம். உன் இடுப்பில் எங்கே செருகுவது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். தெருவில் எவனாவது ஏதாவது கேட்டால் என்னிடம் அனுப்பு. மாடியேறி வரும்போதே பாதிப் பேருக்கு மூச்சு வாங்கிவிடும்.

ஊர் சுகமான ஊர் என்று பொய் சொல்லமாட்டேன். ஏச்சு இருக்கும். ஆனால் இந்த வீட்டுக்குள் ஒருவரும் உன்னை வேறு ஆளாக நடிக்கச் சொல்லமாட்டார்கள்.

ஒன்று மட்டும் எழுது. உன்னை நான் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்?

உன் பெரியம்மா


சிங்கப்பூர்
2 நவம்பர் 2006

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். சளி போய்விட்டதா? எனக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், இப்போது தலை சுற்றுவதில்லை.

உங்கள் கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லிவிட்டது. ஸமீரா என்று கூப்பிட வேண்டுமாம். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. சமையலறையில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன்.

இருபதாம் தேதி விமானம். நானும் வருகிறேன். பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று நினைக்காதீர்கள். ஒரு மாதம் இருப்போம், பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே திரும்புவோம். இது அதன் வீடு. இவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஜமாத்தில் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் தங்கைக்கும் கொஞ்சம் திமிர் இருக்கிறது.

நாங்கள் வருவதற்குள் பெண்கள் போடும் பர்மா எஞ்சிச் சட்டை இரண்டு தைத்து வையுங்கள். அளவு தனித் தாளில் இருக்கிறது. கடையில் அளவு கொடுக்கப் பிள்ளை கூசியது, அதனால் நானே எடுத்தேன். தோள் அகலம், தையற்காரரிடம் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். மலிவுத் துணி வேண்டாம்.

கூடத்தில் வைத்துத்தான் அளவெடுத்தேன். இவர் தொழுதுவிட்டு வந்து நின்றார்.

“யாருக்கு அளவு எடுக்கறே?”

“உங்க பிள்ளைக்குத்தான். கையக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்குது.”

அவர் அங்கேயே நின்றார். டேப்பின் மறுமுனை அவர் காலடியில் விழுந்து கிடந்தது, நான் அவரை எடுக்கச் சொல்லவில்லை. பிள்ளை தானாகவே இரண்டு கையையும் தூக்கி, அவரைப் பார்த்தபடி நின்றது.

நூரு